சைலன்சர் மாற்றியும் சத்தம் குறையவில்லையா?

எங்கள் குடியிருப்பில் கேனோபி (சத்தத்தை அடக்கும் கூடு) இல்லாத, 62.5 கே.வி.ஏ. திறன் கொண்ட பழைய டீசல் ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. கரண்ட் போனால் எங்களுக்கு வெளிச்சம், அடுத்த தெருவுக்குத் தலைவலி. சங்கத்தில் பணம் திரட்டி, இருப்பதிலேயே பெரிய சைலன்சராகப் பார்த்து மாட்டினோம். (காகிதத்தில் மஃப்ளர் என்று எழுதியிருப்பார்கள். பட்டறையில் அப்படிக் கேட்டால் ஊட்டிக்கா போகிறீர்கள் என்பார்கள்.) ஓட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசமே இல்லை. கடைக்காரரோடு இரண்டு நாள் மல்லுக்கட்டிய பிறகுதான் புரிந்தது, தப்பு எங்கள் பக்கம் என்று.

சைலன்சர் அடக்குவது புகைக்குழாய் வழியாக வரும் சத்தத்தை மட்டும்தான். ரேடியேட்டர் விசிறியின் இரைச்சல், இன்ஜினின் தடதடப்பு, தரை வழியாகப் பரவும் அதிர்வு ஆகியவற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டெசிபல் கணக்கு வேறு விசித்திரமானது. புகைக்குழாய் 90, மற்றதெல்லாம் சேர்ந்து 90 என்றால் மொத்தம் 180 அல்ல, 93. புகைச் சத்தத்தை அடியோடு ஒழித்தாலும் 90 மிஞ்சும். 3 டெசிபல் குறைந்தால் காதுக்கு மட்டுமட்டாகத்தான் தெரியும். பாதியாகக் குறைந்தது போலத் தோன்ற 10 டெசிபலாவது இறங்க வேண்டும். அதனால் வாங்குவதற்கு முன்னால் ஜெனரேட்டரை ஓடவிட்டு ஒரு சுற்று சுற்றி வாருங்கள். குழாய் வாயருகே நின்று கேளுங்கள், அப்புறம் விசிறிப் பக்கம். எங்கள் செட்டில் விசிறிப் பக்கம்தான் காதைப் பிளந்தது.

அடுத்து, விளம்பரத்தில் இருக்கும் எண். ‘25 டெசிபல்’ என்று போட்டிருந்தால் அது குறைக்கும் அளவு, மிஞ்சும் சத்தம் அல்ல. ‘65 டெசிபல்’ என்று இருந்தால் எவ்வளவு தூரத்தில் என்று கேளுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். 7 மீட்டரில் அளந்த எண்ணுக்கும் 1 மீட்டரில் அளந்த எண்ணுக்கும் இடையே ஏறத்தாழ 17 டெசிபல் வித்தியாசம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஏமாறுகிறவர்கள் நிறைய.

எல்லாவற்றையும்விடப் பணம் தின்னும் தவறு, அளவு பொருந்தாத சைலன்சர். சத்தம் குறைய வேண்டும் என்று புகை போகும் வழியை நெருக்கினால் பேக் பிரஷர், அதாவது வெளியேறும் புகையை எதிர்த்து இன்ஜின் பக்கம் தள்ளும் அழுத்தம், ஏறும். 3 அங்குலக் குழாய் இருந்த இடத்தில் 2 அங்குல வாய் உள்ளதை அடாப்டர் போட்டு மாட்டுகிறார்கள் என்று வையுங்கள். வழியின் பரப்பு பாதிக்கும் கீழே போகிறது, புகை இரண்டேகால் மடங்கு வேகத்தில் ஓட வேண்டும், அந்த இடத்தில் அழுத்த இழப்பு ஏறக்குறைய 5 மடங்கு. எரிந்த புகை முழுதாக வெளியேறாமல் இன்ஜின் திணறும். லோடு இழுக்காது, கரும்புகை வரும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், நாளாவட்டத்தில் வால்வு கருகும். எவ்வளவு பேக் பிரஷர் தாங்கும் என்று இன்ஜின் கையேட்டிலேயே இருக்கும். கடைக்காரரிடம் கே.வி.ஏ.வை மட்டும் சொல்லாமல் இன்ஜின் மாடல், வேகம், குழாயின் நீளம், எத்தனை வளைவு என எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

பைக் சைலன்சரை வெல்டிங் வைத்துப் பார்க்கும் பழக்கமும் உண்டு. நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடும் 4 சிலிண்டர் ஜெனரேட்டர் இன்ஜின் விநாடிக்கு 50 முறை வெடிக்கிறது. அதனால் அடியில் இருப்பது ‘டம் டம்’ என்ற கனத்த ஒலி. சில பைக் சைலன்சர்களுக்குள் திணித்திருக்கும் கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) கீச்சொலியை நன்றாக உறிஞ்சும், இந்தக் கனத்த ஒலியை அவ்வளவாகத் தொடாது. அதற்கு உள்ளே அறை அறையாகப் பிரித்த, வயிறு பெருத்த சைலன்சர் வேண்டும். கைக்கு அடக்கமாக இருந்து சத்தமும் போட வேண்டாம் என்றால் நடக்காது.

குழாய் வாயைத் தண்ணீர் பீப்பாயில் அமுக்கி வைப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். பேக் பிரஷர் ஒருபுறம். நிறுத்தும்போது தண்ணீர் இன்ஜினுக்குள் ஏறவும் வழி உண்டு.

மாட்டும்போது இன்ஜினுக்கும் குழாய்க்கும் நடுவே பெல்லோஸ் (நீண்டு சுருங்கும் மடிப்புக் குழாய்) போடாமல் விடுகிறார்கள். 3 மீட்டர் இரும்புக் குழாய் 400 டிகிரி சூடேறினால் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் நீளும். நீள இடமில்லை என்றால் வெல்டிங் விரியும். அந்த விரிசலில் கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சைலன்சரின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை, குழாய் நுனியில் மழை மூடி, இவையும் வேண்டும். குழாயின் உயரத்துக்கு விதி உண்டு: கட்டட உயரத்தோடு, கே.வி.ஏ.வின் வர்க்கமூலத்தில் ஐந்தில் ஒரு பங்கு மீட்டர். 62.5-க்குக் கூடுதலாக 1.6 மீட்டர்.

2005 ஜனவரி 1 முதல் தயாரான, 1000 கே.வி.ஏ. வரையிலான டீசல் செட் என்றால் கேனோபியிலிருந்து 1 மீட்டரில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. அதில் சைலன்சரும் கேனோபியும் ஜோடியாக வருவதால், கெட்டுப்போனால் அதே வகையை வாங்குவதுதான் சரி. எங்களுடையது போன்ற பழைய செட்டுகளுக்கு விதி இரண்டு கேட்கிறது: 25 டெசிபல் குறைக்கும் சைலன்சர், கூடவே 25 டெசிபல் குறைக்கும் கேனோபி அல்லது அறை. நாங்கள் முதல் பாதியை மட்டும் வாங்கிவிட்டு மொத்தத்துக்கும் பலன் கேட்டிருக்கிறோம். பிறகு சூடான காற்று வெளியேற வழி விட்டு ஒலி தடுக்கும் அறை கட்டினோம். கட்டி முடித்த அன்று, சண்டை போட்ட கடைக்காரருக்கு நான்தான் போன் செய்தேன்.