வைரஸ் என்று முடிவுகட்டி டிஸ்க்கைக் கொல்லாதீர்கள்

கணினிப் பழுது பார்க்கப் புதிதாக இறங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் தவறு செய்கிறார்கள். கணினி திடீரென்று நின்று நீலத்திரை காட்டுகிறது, அல்லது தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. கடைசியாக எதையோ டவுன்லோட் செய்த ஞாபகம் வருகிறது. உடனே 'வைரஸ்' என்று தீர்ப்பு. அப்புறம் கைக்குக் கிடைத்த ஸ்கேனர் எல்லாம், யாரோ சொன்ன ரிப்பேர் கமாண்ட் எல்லாம், கடைசியில் ஃபார்மட்.

தெரியாத அட்டாச்மென்டைத் திறக்கக் கூடாது, திருட்டு மென்பொருள் போடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். பிரச்சினை வந்த பிறகு பதற்றத்தில் செய்கிற காரியங்களால்தான் சேதம் அதிகம்.

கிராஷ் ஆனாலே வைரஸ் என்பது

இந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் என்ற வார்ம் (தானாகவே கணினிக்குக் கணினி தாவும் கெட்ட மென்பொருள்), விண்டோஸ் ஓடத் தேவையான ஆர்பிசி என்ற உள்சேவையைச் சாய்த்துவிடும். 60 வினாடியில் கணினி அணையப் போகிறது என்று திரையில் எண்ணிக்கை ஓடும். அடுத்த ஆண்டு வந்த சாஸரும் ஏறக்குறைய அதே ரகம். இன்றைக்கு நிலைமை வேறு. பாஸ்வேர்ட் திருடவும், மறைவாகக் கிரிப்டோ மைனிங் நடத்தவும் உங்கள் கணினி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது நின்றுபோவதில் திருடனுக்கு லாபமில்லை.

அதற்காக, மால்வேரால் (வைரஸ், வார்ம் போன்ற கெட்ட மென்பொருள்களால்) கிராஷ் வரவே வராது என்றும் சொல்ல முடியாது. 2010 பிப்ரவரியில் ஒரு விண்டோஸ் அப்டேட் போட்டதும் பல கணினிகள் நீலத்திரையிலேயே மாட்டிக்கொண்டன. அப்டேட்தான் கெட்டது என்று நினைத்தார்கள். தோண்டிப் பார்த்தபோது, அந்தக் கணினிகளில் அலூரியான் என்ற ரூட்கிட் (கணினியின் அடியாழத்தில் ஒளிந்துகொள்ளும் மால்வேர்) ஏற்கெனவே ஒளிந்திருந்தது. விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலில் அது நம்பியிருந்த முகவரிகள் அப்டேட்டால் இடம் மாறியதில் கணினி விழுந்திருக்கிறது. நேர்மாறான கதையும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்.

ஆகவே ஊகம் வேண்டாம், கணினியில் நடந்ததையெல்லாம் விண்டோஸ் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து பாருங்கள். கெர்னல் பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். கணினி முறையாக அணையவில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. அதற்குச் சற்று முன்னால் என்ன பதிவாகியிருக்கிறது என்பதுதான் முக்கியம்.

டேட்டாவை எடுக்காமல் டிஸ்க்கை 'ரிப்பேர்' செய்வது

இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறாது.

ஒரு வீட்டுக் கணினி. ஃபோல்டரைத் திறந்தால் வெகுநேரம் வெறுமையாக நிற்கும். மவுஸ் மட்டும் நகரும், மற்றதெல்லாம் உறைந்துபோகும், பிறகு நீலத்திரை. வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒரு பையன் பார்த்துவிட்டு, வைரஸ் என்று சொல்லி ஃபுல் ஸ்கேன் போட்டிருக்கிறான். ஸ்கேன் ஒரு ஃபோல்டரில் போய் நின்றுவிட்டது. மறுபடி போட்டான், அதே ஃபோல்டரில் நின்றது. வைரஸ்தான் ஸ்கேனைத் தடுக்கிறது என்று நினைத்து வேறொரு ஸ்கேனரை ஏற்றினான். அதுவும் அங்கேயே நின்றது. கடைசியில் செக்டிஸ்க்கை (டிஸ்க்கைச் சரிபார்க்கும் விண்டோஸ் கமாண்ட்), கெட்ட செக்டார்களையும் தேடச் சொல்லும் 'ஆர்' (/r) ஆப்ஷனோடு ஓடவிட்டு, இரவெல்லாம் ஓடட்டும் என்று போய்விட்டான். காலையில், விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே ஓடும் பயாஸிலேயே டிஸ்க் தெரியவில்லை. என் கைக்கு வந்தபோது, பவர் கொடுத்ததும் டிக், டிக் என்று சத்தம் வரும், கொஞ்ச நேரத்தில் சுழற்சி நின்றுவிடும். ஒரு குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் மொத்தமும் அதில்தான் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை. வைரஸ் இருந்ததா என்று பார்க்கக்கூட வழியில்லை.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கிராஷ் ஆனால் முதல் வேலையாகச் செக்டிஸ்க் ஓட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறார்களே, அவர்கள்மேல்தான் கோபம்.

ஹார்ட் டிஸ்க்கில் செக்டார் (டேட்டா பதியும் சிறு கட்டம்) கெட ஆரம்பித்தால், அந்த இடத்தைப் படிக்க டிரைவ் திரும்பத் திரும்ப முயலும். கணினி உறைவது அதனால்தான். ஃபுல் ஸ்கேன் என்பது டிஸ்க்கில் உள்ள அத்தனை ஃபைலையும் படிக்கிற வேலை. 'ஆர்' போட்ட செக்டிஸ்க் காலி இடத்தையும் விடாமல் படிக்கும். உயிர் ஊசலாடுகிற டிஸ்க்கால் அதைத் தாங்க முடியாது. தாங்கினாலும், செக்டிஸ்க் காப்பாற்றுவது ஃபைல் சிஸ்டத்தின் ஒழுங்கைத்தான், உங்கள் படங்களை அல்ல. எந்த ஃபைலோடும் சேராத துண்டுகளை, 'ஃபவுண்ட்' என்று தொடங்கும் மறைந்த ஃபோல்டரில் சிஎச்கே ஃபைல்களாகக் கொட்டிவிடும். எது எந்தப் படம் என்று பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

எனவே ஸ்கேன் போடுவதற்கு முன்னால் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவசக் கருவி, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைக் காட்டும். ஹார்ட் டிஸ்க்கில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைக் கவனியுங்கள், கெட்ட செக்டார்களின் கணக்கு அவற்றில்தான் இருக்கும். அவற்றின் ரா வேல்யூ பூஜ்யமாக இருக்க வேண்டும். பூஜ்யமாக இல்லை, அதுவும் ஏறிக்கொண்டே போகிறது என்றால் டிஸ்க்கை நம்பாதீர்கள். ஈவென்ட் வியூவரில் 'டிஸ்க்' என்ற மூலத்திலிருந்து ஈவென்ட் ஐடி 7 வந்திருந்தால், பேட் பிளாக் இருக்கிறது என்று விண்டோஸே சொல்கிறது. ஸ்மார்ட் எல்லாம் நன்றாக இருந்தும் சாகிற டிஸ்க்குகள் உண்டு. ஸ்கேன் ஒரே இடத்தில் நிற்பதே போதுமான எச்சரிக்கை.

சந்தேகம் வந்ததும் கணினியை அணைத்துவிடுங்கள். லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து, தொலைந்தால் திரும்பக் கிடைக்காததை முதலில் நகல் எடுங்கள். டிஸ்க் மோசமாக இருந்தால் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற லினக்ஸ் நகல் கருவி நல்லது. அது எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். டிக் டிக் சத்தம் வருகிறதா? அதையும் செய்யாதீர்கள். பவரை எடுத்துவிட்டு டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் கொடுங்கள். டிஸ்க்கில் பிட்லாக்கர் (டிஸ்க் முழுவதையும் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ இல்லாமல் வெளியிலிருந்து எதையும் திறக்க முடியாது. பல புது லேப்டாப்களில் அது உங்களுக்குத் தெரியாமலே ஆன் ஆகியிருக்கும். கீ எங்கே இருக்கிறது என்று முதலில் தேடி எடுத்து வையுங்கள்.

எஸ்எஸ்டி என்றால் இன்னும் கவனம். ஃபார்மட் செய்ததும், இந்த டேட்டா இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளை போய்விடும். அதற்குப் பிறகு ரெக்கவரி மென்பொருளுக்குப் பெரும்பாலும் எதுவும் சிக்காது.

பேக்கப் டிரைவை அதே கணினியில் செருகுவது

ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் இருந்தால், செருகிய டிரைவையும் சேர்த்துப் பூட்டிவிடும். பழைய பேக்கப்பைத் தொடாதீர்கள். நகல் எடுக்கத் தனியாக ஒரு காலி டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள். படங்கள், ஆவணங்கள் மட்டும் போதும். இஎக்ஸ்இ, ஷார்ட்கட், பேட்ச் (.bat) ஃபைல்கள் எதுவும் கூட வரக் கூடாது.

ரெண்டு ஆன்டிவைரஸ் போடுவது

ஒன்றையொன்று மடக்கும். அதனாலேயே கிராஷ் வரும். டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று உறுதியான பிறகு, விண்டோஸோடு வரும் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனில் தொடங்குங்கள். விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே ஓடுவதால் ரூட்கிட்டால் அதன் கண்ணை மறைப்பது கடினம்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர், டிரைவர் அப்டேட்டர்

வேண்டவே வேண்டாம்.

சந்தேகமுள்ள கணினியிலேயே பாஸ்வேர்ட் மாற்றுவது

புது பாஸ்வேர்டும் சேர்ந்து போகும். முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். சுத்தமான வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள், இமெயிலில் தொடங்கி. மாற்றியதும் எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக்அவுட் செய்யுங்கள். திருடியது செஷன் குக்கி (பாஸ்வேர்ட் இல்லாமலே உங்கள் லாகினைத் தொடரவிடும் சிறு ஃபைல்) என்றால், அந்த லாக்அவுட்தான் அவனை வெளியேற்றும்.

மறுபடியும் மறுபடியும் ஃபார்மட்

டேட்டாவை எடுத்தாகிவிட்டது. வேறு கணினியில் தயாரித்த பென் டிரைவிலிருந்து எல்லா பார்ட்டிஷனையும் அழித்து விண்டோஸ் போட்டாகிவிட்டது. வேறெதுவும் இன்ஸ்டால் செய்யவில்லை. அப்படியும் கணினி விழுகிறது என்றால், இன்னொரு ஃபார்மட்டால் எதுவும் மாறாது, ஹார்டுவேரைப் பாருங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஒரு இரவு ஓடட்டும், ஒரு பிழை வந்தாலும் அது கோளாறுதான். ரெண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள், பிறகு மற்றதை வைத்து ஓட்டுங்கள். கேம் அல்லது வீடியோ ஓடும்போது மட்டும் அணைகிறது என்றால் சூட்டைப் பாருங்கள், அதற்கு அடுத்தபடி பவர் சப்ளையை.