சமையலறையும் குளியலறையும்: சுவர் மூடுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை

கூடத்தின் நிறம் பிடிக்கவில்லை என்றால் ஒரு வாரத்தில் வேறு வண்ணம் பூசிவிடலாம். சமையலறையிலும் குளியலறையிலும் அது நடக்காது. குழாய், கழிவுநீர்ப் பாதை, மின்கம்பி எல்லாம் சுவருக்குள்ளும் தரைக்குள்ளும் போய்விடுவதால், ஒரு சிறு மாற்றத்துக்கும் டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும். ஆகவே, இப்போது பரவலாகிவரும் புதிய பாணிகளைப் பார்க்கும்போது, எது சுவருக்குள் போகிறது, எது மேலே உட்காருகிறது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். முன்னதை நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். பின்னதில் ஆசைப்பட்டதைச் செய்து பார்க்கலாம்.

இன்றைய சமையலறையின் அடிப்படை 1926-இல் மார்கரெட் ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வரைந்த சிறிய சமையலறையிலிருந்து வருகிறது. சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார் என்பதைக் கணக்கிட்டு அவர் அதை அமைத்தார். பின்னர் அடுப்பு, சிங்க், குளிர்பெட்டி மூன்றையும் முக்கோணமாக வைக்கும் விதி பரவியது. அந்த விதி ஒருவர் மட்டும் சமைக்கும் வீட்டுக்குப் பொருந்தும். இருவர் மூவர் சேர்ந்து புழங்கும் இடத்தில், நறுக்குவதற்கு ஒரு பகுதி, சமைப்பதற்கு ஒன்று, கழுவுவதற்கு ஒன்று, பானங்களுக்குத் தனி மூலை என்று பிரிப்பதே இப்போதைய போக்கு. எதிரெதிர் மேடைகளுக்கு இடையே ஒருவருக்குச் சுமார் 105 செ.மீ., இருவருக்கு 120 செ.மீ. வழி விடுங்கள்.

மேடையின் உயரத்தைப் பொதுவாக 90 செ.மீ. என்று சொல்லிவிடுவார்கள். அதை ஏற்றுக்கொள்வதற்கு முன், வீட்டில் அதிகம் சமைப்பவரை வெறுங்காலுடன் நிற்க வைத்து, கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் 10 முதல் 15 செ.மீ. கழித்துப் பாருங்கள். 90-லிருந்து வெகுவாக விலகினால் அந்த அளவையே தச்சரிடம் கொடுங்கள். எந்த விலையுயர்ந்த கல்லும் முதுகுவலியைத் தீர்க்காது.

மேடைக்கு அடியில் கதவு வைத்த அலமாரிகளுக்குப் பதிலாக, முழுதாக வெளியே வரும் டிராயர்களை வைப்பது உண்மையிலேயே பயனுள்ள மாற்றம். பின்வரிசைப் பாத்திரத்துக்காக மண்டியிட வேண்டியதில்லை. சிங்குக்கு அடியில் மட்டும் ஈரம் தாங்கும் பிளைவுட்டைப் போட்டு, வெட்டிய விளிம்பு ஒவ்வொன்றும் பட்டை ஒட்டி மூடப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையானால், ஊதத் தொடங்குவது அந்தத் திறந்த விளிம்பில்தான். கதவில்லாத திறந்த தட்டுகள் படத்தில் அழகாக இருக்கும். அடுப்புக்கு அருகில் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, வாரந்தோறும் துடைக்கும் வேலையாகிவிடும்.

கல்லைப் பொறுத்தவரை, குவார்ட்ஸ் என்ற செயற்கைக் கல் மேடை கறையை நன்றாகத் தாங்கினாலும், அதில் பிசின் கலந்திருப்பதால், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேராக வைக்கக் கூடாது. அதை வெட்டும்போது எழும் சிலிக்காத் தூசி தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுக்கிறது என்பதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இவ்வகைச் செயற்கைக் கல்லுக்குத் தடை விதித்தது. எந்தக் கல்லானாலும் வீட்டுக்குள் தண்ணீர் விடாமல் உலர்வாக வெட்ட விடாதீர்கள். இண்டக்ஷன் அடுப்பைப் பதிக்க நினைத்தால், அதற்கென்று தனி மின் இணைப்பை இப்போதே இழுத்துவிடுங்கள். நான்கு வளையம் கொண்ட அடுப்பு 7 கிலோவாட் வரை இழுக்கக்கூடும். இருக்கும் பாத்திரங்கள் உதவுமா என்பதை அடியில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

வெள்ளையும் சாம்பலும் ஆண்ட காலம் மங்கி, மர நிறம், ஆலிவ் பச்சை, சுட்ட மண் நிறம் ஆகியவை வந்திருக்கின்றன. இது மேலே உட்காரும் விஷயம், விருப்பப்படி செய்யுங்கள். விளக்கு அப்படியல்ல. கூரை விளக்கு மட்டும் இருந்தால் உங்கள் நிழலே நறுக்கும் பலகையில் விழும். மேல் அலமாரியின் முன்விளிம்பை ஒட்டி எல்.இ.டி. பட்டையும், குளியலறைக் கண்ணாடியின் இருபுறமும் முக உயரத்தில் விளக்கும் வரும்படி கம்பியை முன்கூட்டியே விடச் சொல்லுங்கள்.

குளியலறையில் இன்று எல்லோரும் கேட்பது, விளிம்புக்கட்டு இல்லாமல் ஒரே மட்டமாகத் தெரியும் ஷவர் தரை. பார்க்க எளிமையாக இருக்கும் இதுதான் செய்வதற்கு மிகக் கடினமானது. ஷவர் பகுதியின் தளம் முன்கூட்டியே தாழ்த்தப்பட்டிருக்க வேண்டும். மீட்டருக்குச் சுமார் 2 செ.மீ. வாட்டம் கிடைக்க வேண்டும். நடுவில் சதுர வடிகால் வைத்தால் நான்கு பக்கமும் வாட்டம் விட வேண்டியிருப்பதால் பெரிய டைல்ஸைத் துண்டு துண்டாக வெட்ட நேரும். சுவரோரமாக நீள வடிகால் வைத்தால் ஒரே பக்க வாட்டம் போதும், பெரிய டைல்ஸும் முழுதாக உட்காரும்.

வாட்டர் ப்ரூஃபிங் பூச்சு காய்ந்ததும் டைல்ஸ் ஒட்ட அவசரப்படாதீர்கள். வடிகாலை அடைத்து, வாசலில் தற்காலிகமாக ஒரு சிறு கரை கட்டி, சில சென்டிமீட்டர் தண்ணீரைத் தேக்கி, நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடிடுங்கள். 24 மணி நேரம் கழித்து மட்டம் கோட்டைவிட்டு நன்றாக இறங்கியிருந்தாலோ, கீழ்த்தளக் கூரையிலோ பக்கத்துச் சுவரிலோ ஈரம் தெரிந்தாலோ, கசிவை அடைத்துவிட்டு மறுபடியும் தேக்கிப் பாருங்கள். மேஸ்திரி ஒரு நாள் வீணாகிறது என்பார். அந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்காதீர்கள்.

சோப்பு, ஷாம்பு வைக்கச் சுவரில் மாடம் அமைப்பது நல்ல வழக்கம். என் வீட்டில் மாடத்தின் அடிக்கல்லை ரசமட்டம் வைத்துத் துளியும் சரிவில்லாமல் பதித்தார்கள், நானும் மெச்சிக்கொண்டேன். மூன்றே மாதத்தில் தண்ணீர் தேங்கிப் பின்மூலையில் கரும்பூசணம் படர்ந்தது. வெளிப்பக்கம் ஓரிரு மில்லிமீட்டர் சரிந்திருந்தால் போதும், தண்ணீர் தானாக வழிந்திருக்கும்.

கறுப்பு மேட் குழாய்கள் உப்புநீரில் வெள்ளைப் புள்ளி புள்ளியாகிவிடும். பிரஷ்டு ஸ்டீல் அதை ஓரளவு மறைக்கும். சுவரில் தொங்கும் டாய்லெட்டுக்கு, தரையில் ஊன்றிய இரும்புச் சட்டமும், உள்ளிருக்கும் தொட்டியைப் பழுதுபார்க்க ஃப்ளஷ் தகட்டின் வழியே கை நுழையும் இடமும் அவசியம்.

வீட்டில் முதியவர் இல்லாவிட்டாலும், டாய்லெட்டின் பக்கத்திலும் ஷவரிலும் தரையிலிருந்து 85 முதல் 90 செ.மீ. உயரத்தில் கைப்பிடி வரக்கூடிய இடத்தைக் குறித்து, பலகைச் சுவராக இருந்தால் உள்ளே கனமான பிளைவுட் பதித்துவிடுங்கள். கைப்பிடியைத் தேவைப்படும்போது மாட்டிக்கொள்ளலாம். கடைசியாக, சுவரைப் பூசுவதற்கு முந்தைய நாள், அளவு நாடாவைத் தரையிலிருந்து நிமிர்த்திப் பிடித்து, ஒவ்வொரு சுவரையும் குழாயும் கம்பியும் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். பிற்பாடு கண்ணாடி மாட்டத் துளையிட வருபவரிடம் அந்தப் படத்தைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.