அந்த விளக்கு எங்கே எரிகிறது? மங்கலான அறையை கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் (சிஜி) காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை மாலைகளில் நாலைந்து பேர் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் செய்த தங்கள் ஃபைல்களை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். போன வாரம் ஒரு தம்பி பழைய வீட்டுச் சமையலறை ஒன்றைச் செய்து கொண்டுவந்தான். மழைக்கால மாலை, கம்பி போட்ட ஒரு ஜன்னல், உத்தரத்திலிருந்து தொங்கும் ஒரு குண்டு பல்பு, மேடையில் எவர்சில்வர் சொம்பு, மூலையில் மண்ணெண்ணெய் டின். மாடலிங் அருமை. ஆனால் படத்தில் மழையும் இல்லை, மாலையும் இல்லை. காட்சியில் உள்ளதையெல்லாம் பட்டியலிடும் அவுட்லைனரைத் திறந்தேன். ஒன்பது விளக்குகள். எட்டு வருடத்துக்கு முன்னால் நான் வைத்த அதே விளக்குகள், கிட்டத்தட்ட அதே இடங்களில்.

சாம்பிள் போதாமல் புள்ளி அடிப்பது, டெக்ஸ்சர் மங்குவது எல்லாவற்றையும் இங்கே விட்டுவிடுகிறேன். அவை உங்கள் கண்ணிலேயே படும், நீங்களே திருத்திவிடுவீர்கள். செய்தவர் கண்ணுக்குத் தெரியாத தவறுகளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

இருட்டாக இருக்கிறது என்று விளக்கு சேர்ப்பது

இது எப்படி நடக்கும் என்றால், ஜன்னலும் பல்பும் வைத்து முதல் ரெண்டர் (கம்ப்யூட்டர் கணக்கிட்டுத் தரும் படம்) போடுவீர்கள். மூலையில் டின் தெரியாது. இரண்டு நாள் உட்கார்ந்து துரு வரைந்த டின் அது. தெரியாமல் விட மனம் வராது. மேலே ஓர் ஏரியா லைட் (அகலப் பரப்பிலிருந்து ஒளி தரும் விளக்கு), லேசாக. இப்போது டின் தெரிகிறது, ஆனால் அடுப்பு மேடை அதைவிட மங்கலாகத் தெரிகிறது. அதற்கு ஒன்று. இப்படித்தான் ஒன்பது ஆகிறது.

இதன் விலை எனக்குத் தெரியும். பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் ஓர் ஆர்க்கிடெக்டுக்காக ஓர் உள்கூடத்தைச் செய்தேன். 20 விநாடி, 480 ஃபிரேம். வாடகைக்கு எடுத்த மெஷின்களில் மூன்று இரவு ஓடியது. அவர் ஒருமுறை பார்த்துவிட்டு, "இந்தத் தூணுக்குப் பின்னாடி என்னங்க எரியுது?" என்று கேட்டார். அங்கே எதுவும் எரியக்கூடாது. தூணின் செதுக்கு வேலை தெரியட்டும் என்று நான் ஒளித்துவைத்த விளக்கு அது. 480 ஃபிரேமையும் மறுபடி ஓட்டினேன், மெஷின் வாடகையையும் நானே கட்டினேன். பணம் போனதைவிட, லைட்டிங் தெரியாத ஒருவருக்கு ஒரே பார்வையில் தெரிந்தது எனக்கு மூன்று வாரமாகத் தெரியவில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

பார்ப்பவர்களுக்கு அது எப்படித் தெரிகிறது? தம்பியின் படத்தில் அந்த எவர்சில்வர் சொம்பைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அதன் வயிற்றில் ஜன்னல் கம்பிகள் வளைந்து தெரிந்தன. பக்கத்திலேயே கம்பியில்லாத இன்னொரு வெள்ளைச் சதுரம், அதற்குக் கீழே இன்னொன்று. அறையில் ஒரு ஜன்னல், சொம்பில் மூன்று. அடுத்து டின்னின் அடியைப் பார்த்தோம். தரையோடு ஒட்டும் இடத்தில் விரல்கடை அளவுக்குக் கன்னங்கரேல் என்று ஒரு நிழல் விழ வேண்டும். மேலேயிருந்து வந்த விளக்குகள் அதைத் துடைத்துவிட்டன. டின் தரையில் உட்காராமல் மிதந்தது. இதையெல்லாம் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை, ஆனால் "என்னமோ கம்ப்யூட்டர் படம் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள்.

பல்பிலிருந்து 1 மீட்டரில் இருக்கும் மேடைக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் 3 மீட்டரில் இருக்கும் மூலைக்கு நேராகப் போய்ச் சேரும். அதனால் அந்த மூலை இருட்டாகத்தான் இருக்கும். மொத்தப் படமும் மங்கலாக இருந்தால் விளக்கைத் தொடாமல் எக்ஸ்போஷரை (முழுப் படத்தின் பிரகாச அளவை) ஏற்றுங்கள். கலர் மேனேஜ்மென்டில் 1 ஏற்றினால் வெளிச்சம் இரட்டிப்பாகும், ஆனால் மேடைக்கும் மூலைக்கும் உள்ள விகிதம் மாறாது. மங்கலான அறை என்ற உணர்வு அந்த விகிதத்தில்தான் இருக்கிறது. விளக்கைச் சேர்த்தால் முதலில் போவது அதுதான்.

நிழலைத் தணிக்கும் நிரப்பு வெளிச்சமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1956இல் வந்த சத்யஜித் ரே படமான 'அபராஜிதோ'வுக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவில் செட்டாகப் போட்டபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதற்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைத் துணியில் அடித்துத் திருப்பி முற்றத்துக்குள் இறக்கினார். நிழல் விழாத மென்மையான வெளிச்சம். ஆனால் அது வந்த இடத்தில், உண்மையான வீட்டில், வானம் இருக்கும். நீங்கள் வைக்கும் விளக்கு இருக்கும் இடத்தில் அந்த அறையில் என்ன இருக்கும்? பதில் இல்லையென்றால் அழித்துவிடுங்கள்.

பரிசோதிக்க, விளக்குகளின் ஒளியைத் தனித்தனியாகப் பிரித்துத் தரும் லைட் குரூப் வசதி இருக்கிறது, பிளெண்டர் 3.2இலிருந்து. ஒவ்வொரு விளக்கையும் தனிக் குரூப்பில் போட்டு ஒரே ஒரு ரெண்டர் எடுங்கள். ரெண்டரின் பகுதிகளைப் பிரித்துச் சேர்க்கும் கம்பாசிட்டரில் ஒவ்வொன்றாகத் தனியே பாருங்கள். ஜன்னல் மட்டும் இருக்கும் படம் ஒரு நேரத்தைச் சொல்லும், பல்பு மட்டும் இருக்கும் படம் இன்னொரு நேரத்தைச் சொல்லும். எதையுமே சொல்லாத படம் ஒன்று வரும். அந்த விளக்கைத்தான் தேடுகிறீர்கள்.

முதுகுப்பக்கச் சுவரை விட்டுவிடுவது

இதுவும் அதே தவறுதான், தெரியாமல் நடப்பது. கேமராவுக்குப் பின்னால் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று மூன்று சுவரோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் திறந்த பக்கம் வழியாக எச்டிஆர்ஐ வானம் (காட்சியைச் சுற்றி ஒளி தரும் வானப் படம்) முழுதும் உள்ளே கொட்டுகிறது. பத்தடிக்குப் பத்தடி ஜன்னல் ஒன்றைக் கேமராவுக்குப் பின்னால் வைத்த மாதிரி. காரணமில்லாத விளக்குகளை அழித்த பிறகும் தம்பியின் அறை வெளிறியே இருந்ததற்குக் காரணம் இதுதான். சுவரை எழுப்பி, கூரையையும் மூடினோம். அதற்கப்புறம்தான் ஜன்னல் ஜன்னலாக வேலை செய்தது.

சுவர் வெளுப்பு

இருட்டைச் சுவர்தான் தீர்மானிக்கிறது. வெள்ளை பெயின்ட் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். பேஸ் கலரில் (பொருளின் அடிப்படை நிறம், 1 என்றால் முழு ஒளியும் திரும்பும்) 0.95 என்று வைத்தால் அது பெயின்ட் இல்லை, வெளிச்சத்தைத் தேக்கும் தொட்டி. முழுக்க மூடிய அறையில், ஒளி பட்டுப் பட்டுத் திரும்பும் பவுன்ஸுக்குத் தடை இல்லாவிட்டால், 0.8 சுவர் ஒளியைச் சுமார் 5 மடங்காக்கும், 0.95 சுவர் 20 மடங்காக்கும். விறகடுப்புப் புகை ஏறிய சுவருக்கு 0.3 வைத்துப் பாருங்கள், ஒன்றரை மடங்குகூட வராது. தம்பியின் சமையலறையில் அடுப்புக்கு மேல் கரி படிய வேண்டிய இடம்கூடப் புதுச் சுண்ணாம்பாக இருந்தது. அதை மாற்றியதும் நிழல்கள் தானாக ஆழமாயின.

அதற்கும் மேல் ஆழம் வேண்டுமென்றால் கேமராவுக்கு வெளியே ஒரு கருப்புப் பிளேனை (தட்டையான பலகை) நிறுத்துங்கள். ஷூட்டிங்கில் கருப்புத் துணி கட்டுவதும் இதற்குத்தான்.

பல்பு டப்பாவில் இருக்கும் வாட்

பிளெண்டர் கேட்பது கதிர்வீச்சு வாட் (ஒளியாக வெளியே வருவது), பல்பு இழுக்கும் கரன்ட் வாட் இல்லை. 800 லூமன் எல்இடி பல்புக்குச் சுமார் 2 வாட் போதும்.

நீலமும் ஆரஞ்சும்

குண்டு பல்பு 2700 கெல்வின். மழை மாலை வானம் அதைவிட நீலம்தான், ஆனால் நீச்சல் குளம் அளவுக்கு இல்லை. நிறத்தைக் கையால் தேர்ந்தெடுக்காதீர்கள். கெல்வின் எண்ணை நிறமாக்கித் தரும் பிளாக்பாடி நோடில் எண்ணைப் போடுங்கள், மற்றதை ஒயிட் பேலன்ஸில் பார்த்துக்கொள்ளலாம்.

காரணமில்லாத ஒளிக்கற்றை

காற்றில் புகையோ தூசியோ இருந்தால்தான் கற்றை தெரியும். அடுப்பு எரிகிறதா? சரி, போடுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

வியூ டிரான்ஸ்ஃபார்ம்

கணக்கிட்ட ஒளியைத் திரையில் காட்டும் நிறமாக மாற்றும் அமைப்பு இது. ஸ்டாண்டர்டில் வைத்து ஒளியமைக்காதீர்கள், ஜன்னல் வெள்ளைத் தாளாக வெட்டுப்படும். 2.80இலிருந்து ஃபில்மிக், 4.0இலிருந்து ஏஜிஎக்ஸ் என்று இயல்பாகவே வருகிறது. ஆனால் பழைய ஃபைலைத் திறந்தால் பழைய அமைப்பே இருக்கும். தம்பியின் ஃபைல் 2.79 காலத்து டெம்ப்ளேட்டிலிருந்து வந்தது.

ராத்திரி மட்டும் பார்த்து முடிவு செய்வது

விளக்கணைத்த அறையில், முழு வெளிச்சம் வைத்த மானிட்டரில் எந்த நிழலும் அழகாகத் தெரியும். படத்தை ஃபோனுக்கு அனுப்பி, பகலில், வெளியே நின்று ஒருமுறை பாருங்கள். டின் தெரியாமல் போனால் போகட்டும். சொம்பின் விளிம்பு தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.