மீந்த சோற்றைச் சூடாக்கினால் மட்டும் போதாது

மறுபடி கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். பேசில்லஸ் சீரியஸ் விஷயத்தில் அது போதாது. மண்ணில் வாழும் இந்தக் கோல் வடிவ பாக்டீரியாவின் வித்துகள் (கெட்டியான உறைக்குள் அது உறங்கிக் கிடக்கும் நிலை) அரிசியோடு வந்து, உலைக் கொதியையும் தாங்கிக்கொள்ளும். சோறு வெளியிலேயே கிடந்தால் வித்துகள் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சுரக்கும். அந்த நச்சு 121 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் அழிவதில்லை. அதனால் மீந்த சோற்றை அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டு, சமைத்த 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஃப்ரைடு ரைஸுக்கென்று முந்தின நாளே வடித்துவைக்கும் சோற்றுக்கு இது ரொம்பவே முக்கியம்.