சுருண்ட விரல்களும் எலக்ட்ரோலைட் பொடியும்

வெயில் கடுமையாக இருந்த ஒரு வாரத்தில் என் வீட்டுக் கோழிகள் இறக்கையை விரித்து, வாயைத் திறந்து மூச்சிரைத்தபோது, எலக்ட்ரோலைட் பொடி கலந்த தண்ணீர் அவற்றை விரைவில் தேற்றியதால், எந்தக் குறைக்கும் அதுவே போதும் என்று நம்பிவிட்டேன். அடுத்துப் பொரித்த குஞ்சுகளில் இரண்டு, இரண்டாம் வாரத்தில் கால்விரல்களை உள்நோக்கிச் சுருட்டிக்கொண்டு, கணுக்காலை ஊன்றித் தவழ்ந்தபோதும் அதே பொடியைத்தான் நான்கு நாள் கொடுத்தேன். விரல்கள் நிமிரவில்லை, எச்சம்தான் நீர்த்துப்போனது.

ஐந்தாம் நாள் பொட்டலத்தின் பின்புறத்தை நிதானமாகப் படித்தேன். சோடியம், பொட்டாசியம், குளோரைடு, குளுக்கோஸ் ஆகியவை மட்டுமே இருந்தன. வெப்பத்திலும் கழிச்சலிலும் இழக்கும் உப்புகளை அவை ஈடுசெய்யும். ஆனால் குஞ்சுகளின் விரல் சுருள்வதற்கு முக்கியக் காரணம் ரிபோஃபிளேவின், அதாவது பி2 குறைபாடு, அந்தச் சத்தோ அதில் துளியும் இல்லை. கால்நடை மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்ன அளவில் பி2 உள்ள பி காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தைக் கொடுத்து, வெறும் தானியத்தை நிறுத்திக் குஞ்சுத் தீவனத்துக்கு மாறினேன். ஒரு குஞ்சு சில நாட்களில் பாதத்தைத் தட்டையாகப் பதித்து நடந்தது. முதலில் நோய்ப்பட்ட மற்றொன்றின் விரல் இன்றும் வளைந்தேயிருக்கிறது. நரம்பு நிரந்தரமாகச் சேதமடைந்தபின் வைட்டமினால் மீட்க முடிவதில்லை, அந்த நான்கு நாட்களை எண்ணி இன்னும் வருந்துகிறேன்.

ஏ, டி ஆகிய வைட்டமின்கள் உடலில் தேங்குபவை என்பதால், அவற்றை இப்போது நாள்தோறும் தண்ணீரில் கலப்பதில்லை. ரத்தக்கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் கொடுக்கும் நாட்களில், அம்மருந்து தயமினை, அதாவது பி1 வைட்டமினைத் தடுத்தே வேலை செய்வதால், பி1 உள்ள கலவையையும் நிறுத்திவிடுகிறேன். கலந்த தண்ணீரை நிழலில் வைத்து, மறுநாள் காலையில் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிப் புதிதாகக் கலக்கிறேன்.