பாய்லரை மாற்றுமுன் வெளியே போய் நில்லுங்கள்

லண்டனில் வீட்டைச் சூடாக்கும் பழைய கேஸ் பாய்லரை மாற்ற என்னை அழைப்பவர்கள் சமையலறை அலமாரியைத் திறந்துகாட்டி, "இதற்குள் அடங்குமா?" என்று கேட்பார்கள். நான் அளவுநாடாவோடு வெளிச்சுவரைப் பார்க்கப் போய்விடுவேன். புகைக்குழாயின் வாய்க்கு இடம் கிடைத்தால்தான் பாய்லருக்கு இடம்.

அந்த வாய் வரவேண்டிய இடத்தில், சுவரில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுங்கள். திறக்கும் ஜன்னலோ கதவோ காற்றுத்துளையோ அதிலிருந்து குறைந்தது 300 மில்லிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். எதிரே வேலி இருந்தால் 600. இன்னொரு புகைக்குழாயின் வாய் இருந்தால் 1,200. தயாரிப்பாளரின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுதான் செல்லும்.

அளவு சரியாக இருந்தும் நான் ஒருமுறை அகப்பட்டுக்கொண்டேன். லண்டனின் ஹாரோ பகுதியில் ஒரு வீடு. வேலி 700 மில்லிமீட்டர் தூரத்தில். புகையின் சூட்டையும் பயன்படுத்திக்கொள்ளும் கண்டென்சிங் பாய்லரின் புகை சூடு தணிந்து, ஈரத்தோடு வரும். ஜனவரிக் காலையில் அது வெள்ளை மேகமாக வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டு அம்மா தேநீரோடு நிற்கும் பின்வாசலில் போய்க் கவிந்தது. வாயை மேலே உயர்த்தித் திருப்பிவிடும் நீட்டுக்குழாயை என் செலவில் போட்டுக்கொடுத்தேன். அன்று முதல் வேலிக்கு அப்பாலும் எட்டிப் பார்க்கிறேன்.

புகைக்குழாய் வெளிப்பக்கம் சரிய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு: அதில் சேரும் நீர் பாய்லருக்கே திரும்ப வேண்டும். கையேடு 3 டிகிரி என்றால் மீட்டருக்கு ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் சரிவு.

பாய்லரிலிருந்து அந்த நீர் வெளியேறும் குழாயை வீட்டுக்குள்ளேயே சாக்கடைக் குழாயோடு சேர்த்துவிடுங்கள். வெளியே விட்டே ஆக வேண்டுமானால் 3 மீட்டருக்குள், 32 மில்லிமீட்டர் குழாயில், காப்புறை சுற்றி. 2010 டிசம்பரில் உறைந்த குழாய்கள்மேல் வெதுவெதுப்பான நீரை ஊற்றியே என் நாட்கள் கழிந்தன.

பாய்லரை மாடிக்கு மாற்றலாமா? மாற்றலாம். ஆனால் புகைக்குழாய் கூரைப்பலகைக்குள் மறைந்து ஓடினால், மூட்டுகளைப் பார்க்கத் திறப்புகள் வைத்தாக வேண்டும். அந்தச் செலவைக் கேட்டதும் பாதிப்பேர் பழைய இடமே போதும் என்பார்கள். எனக்கும் அதுவே விருப்பம்.

பொருத்த வருபவரின் கேஸ் சேஃப் அட்டையை, அதாவது கேஸ் வேலைக்குப் பதிவு பெற்றவர் என்று காட்டும் அட்டையை வாங்கி, பின்பக்கத்தையும் பாருங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது அங்கேதான் இருக்கும். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கான அலாரத்தை அறையின் உட்கூரையில் வைப்பதானால் சுவரிலிருந்து 300 மில்லிமீட்டராவது தள்ளி, பாய்லரிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள் வையுங்கள். பிறகு வரும் கட்டட விதிச் சான்றிதழை வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்; விற்கும்போது வழக்கறிஞர் கேட்பார்.