ஸ்பீட்வே அணியை மீட்கும் ஆசையும் அதில் நேரும் தவறுகளும்

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஏ420 சாலையைப் பிடித்தால் ஐம்பது கிலோமீட்டருக்குள் ஸ்விண்டன் வந்துவிடும். இந்த இரண்டு ஊர்க் கால்பந்து ரசிகர்களுக்கும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. ஸ்விண்டன் டவுன் 1969-இல் ஆர்சனலை 3-1 என்று வீழ்த்தி லீக் கோப்பையை வாங்கியது. ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட் 1986-இல் அதே கோப்பையை 3-0 என்று தூக்கியது. இன்றைக்கும் இரண்டையும் வைத்துச் சண்டை போடுகிறார்கள்.

இரண்டு ஊருக்கும் ஸ்பீட்வே அணியும் இருந்தது; ஸ்பீட்வே என்றால் மண் தடத்தில் ஓடும் மோட்டார்சைக்கிள் பந்தயம். ஆக்ஸ்ஃபோர்டுக்கு சீட்டாஸ், ஸ்விண்டனுக்கு ராபின்ஸ். ராபின்ஸ் என்பது ஸ்விண்டன் கால்பந்து அணியின் செல்லப்பெயரும்கூட. 2019-இல் பட்டம் வென்ற கையோடு ஸ்விண்டன் ஸ்பீட்வேயின் ஓட்டம் நின்றது. 2012 கடைசியில் பூட்டப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு அரங்கமோ 2022-இல் திறந்து, சீட்டாஸை மறுபடி ஓடவிட்டது. அன்றிலிருந்து ஸ்விண்டனில் ஒரே பேச்சு: "அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?" அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் சில தவறான கணக்குகளைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஸ்பீட்வே என்றதும் சோழவரமோ இருங்காட்டுக்கோட்டையோ நினைவுக்கு வந்தால், அதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இது முந்நூறு மீட்டரை ஒட்டிய நீள்வட்ட மண் தடம். நான்கு பேர், நான்கு சுற்று, இடப்பக்கமாக மட்டுமே திரும்புவது. மெத்தனாலில் ஓடும் 500 சிசி வண்டி. ஒரே கியர், பிரேக் கிடையாது. வளைவில் பின்சக்கரத்தை வழுக்கவிட்டுத்தான் திருப்ப வேண்டும். ஒரு பந்தயம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதலில் வந்தவருக்கு 3, அடுத்தவர்களுக்கு 2, 1, கடைசி ஆளுக்குப் பூஜ்யம். பதினைந்து பந்தயம் சேர்ந்தால் ஓர் ஆட்டம்.

முதல் தவறு, கால்பந்துக் கூட்டத்தைத் தலை எண்ணி அப்படியே ஸ்பீட்வே கணக்கில் எழுதிக்கொள்வது. ஸ்விண்டன் கால்பந்து மைதானமான கவுன்ட்டி கிரவுண்டில் இத்தனை ஆயிரம் பேர் வருகிறார்களே, அதில் பத்தில் ஒருவர் வந்தால் போதாதா என்கிறார்கள். அந்தப் பத்தில் ஒருவர் ஏன் வர வேண்டும்? ஸ்பீட்வே கூட்டம் வேறு ரகம். வளைவோரம் நின்று பாருங்கள். கையில் நிகழ்ச்சிப் புத்தகம், காதில் பேனா, ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் கட்டத்தில் புள்ளியைக் குறித்துக்கொள்ளும் பெரியவர்கள். சிவப்பு, நீலத் தலைக்கவசம் நம் ஆள். வெள்ளை, மஞ்சள் வந்த ஆள். முதல் வளைவில் வண்டிகள் சாயும்போது செம்மண் பொடி பறந்து வந்து தேநீர்க் கோப்பையில் விழுகிறது, அதைச் சட்டை செய்யாமல் குடிக்கிறார்கள். இது பழக்கத்தில் வரும் கூட்டம். தாத்தா கூட்டி வந்ததால் வந்தவர்கள். பகையைக் காட்டி இவர்களைத் திரட்டிவிட முடியாது.

சொல்லப்போனால், பகை என்ற சொல்லே இங்கு வேறு பொருளில் நடமாடுகிறது. கால்பந்தில் ஆக்ஸ்ஃபோர்டு வீரர் ஒருவர் ஸ்விண்டன் சட்டையைப் போட்டால் ஊரே கொதிக்கும். 1983-இல் ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெடின் முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல் அதையும் பக்கத்து ரெடிங் அணியையும் ஒன்றாக்கி 'தேம்ஸ் வேலி ராயல்ஸ்' என்று பெயர் வைக்கப் பார்த்தார். ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி உட்கார்ந்தார்கள், திட்டம் படுத்துவிட்டது. ஸ்பீட்வேயில் அந்தக் கோபத்துக்கு வழியே இல்லை. அணியில் ஒருவருக்கு எலும்பு முறிந்தால் வேறோர் அணியின் ஓட்டுநரை அன்றைக்கு மட்டும் விருந்தாளியாக அழைத்துக்கொள்ளலாம். போன வாரம் நீங்கள் திட்டியவர் இந்த வாரம் உங்களுக்காக ஓட்டுவார். அதுபோக, அணிகள் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஓட்டுநர்களின் சராசரிப் புள்ளிகளைக் கூட்டி ஓர் உச்சவரம்பு வைக்கிறார்கள். நன்றாக ஓட்டி சராசரியை ஏற்றிக்கொண்டவரையே அடுத்த வருடம் வைத்துக்கொள்ள முடியாமல் போகலாம். இன்று நம்மவர், நாளை அவர்களவர்.

ஆகவே பக்கத்து ஊரைப் பகைவர் என்பதைவிடப் படியளப்பவர் என்பதே சரி. வருடத்தில் மிகப் பெரிய வசூல் அவர்கள் வரும் இரவில்தான். ஸ்விண்டன் அணி நின்றபோது ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் சிலர் சிரித்தார்கள். திரும்பி வந்த சீட்டாஸுக்குப் பக்கத்து ஊர்ப் பந்தயம் என்று சொல்லிக்கொள்ள ராபின்ஸ் இல்லை. எதிரி ஒழிந்ததில் நஷ்டம் யாருக்கு?

அடுத்த தவறுதான் பெரியது. அணி என்றால் பெயர், நிறம், கோப்பை, பழைய நாயகர்கள் என்று நினைப்பது. ஸ்விண்டனுக்கு அதற்குக் குறைவே இல்லை. 1949-இல் தொடங்கிய அணி. 1964, 1966 உலகப் பட்டங்களை பாரி பிரிக்ஸ் வென்றது ஸ்விண்டன் சட்டையில் இருந்த காலத்தில். 2017-இல் உலகப் பட்டம் வென்ற ஜேசன் டாயிலும் அப்போது அங்கேதான் ஓட்டினார். ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஹான்ஸ் நீல்சன்: 1986, 1987, 1989. எல்லாம் சரி. அந்தப் பெயர் ஓட வேண்டிய மண் யாருடையது?

பெரும்பாலான ஸ்பீட்வே அணிகள் வாடகைக்குக் குடியிருப்பவை. அரங்கம் நாய்ப் பந்தய நிறுவனத்துடையது அல்லது கட்டுமான நிறுவனத்துடையது. ஸ்பீட்வே வருடத்தில் சுமார் இருபது இரவுதான் ஓடும். மீதி நாளுக்கு வேறு வருமானம் வேண்டும். வால்வர்ஹாம்ப்டனின் மான்மோர் கிரீன் அரங்கில் 2023-உடன் ஸ்பீட்வேயை நிறுத்திவிட்டார்கள். நாய்ப் பந்தயம் மட்டும் தொடர்ந்தது. அதே ஆண்டு பீட்டர்பரோவும் இடத்தை இழந்தது. இரண்டும் காலங்காலமாக ஓடி வந்த அணிகள். ரசிகர் இல்லாமலா போனார்கள்? இடம் போய்விட்டது, அவ்வளவுதான்.

"வீடு கட்ட அனுமதி கொடுங்கள், பக்கத்திலேயே புது அரங்கமும் கட்டித் தருகிறோம்" என்ற வாக்குறுதி இன்னொரு பொறி. முதலில் எழும்புவது எது என்று கேட்டு எழுதி வாங்காவிட்டால் வீடு எழும்பும். புது வீட்டில் குடி வந்தவருக்கு, கோடையில் இரவு ஏழரைக்குக் கேட்கும் எஞ்சின் சத்தம் பிடிக்குமா என்பது இன்னொரு தலைவலி.

ஆக்ஸ்ஃபோர்டை உதாரணம் காட்டுகிறவர்கள் விட்டுவிடும் பகுதியும் இதுதான். அங்கே வீட்டுத் திட்டத்துக்கு நகராட்சி அனுமதி மறுத்தது. அரங்கம் இடிபடாமல் நின்றது. அப்புறம் நாய்ப் பந்தயம் நடத்தும் ஒருவர் நீண்ட குத்தகை எடுத்து நாயையும் வண்டியையும் சேர்த்தே கொண்டுவந்தார். குத்தகைக் காகிதமும் வருடம் முழுக்க வரும் வேறு வருமானமும் இருந்ததால்தான் கதவு திறந்தது. கவன்ட்ரியிலும் பிராண்டன் அரங்கத்தை இடித்து வீடு கட்ட ரக்பி என்ற ஊரின் நகராட்சி 2022-இல் மறுத்தது. ஆனால் 2016-க்குப் பிறகு அங்கே பந்தயம் இல்லை. தீவைப்பும் நாசவேலையும் பார்த்த கட்டடம். அனுமதி மறுப்பு அரங்கத்தைக் காக்கும், அணியைத் திருப்பித் தராது.

சரி, சொந்த இடம் கிடைக்கும்வரை பக்கத்து ஊரில் ஒண்டிக்கொண்டால்? கால்பந்து மூளை உடனே முடியாது என்னும். ஸ்பீட்வேயில் செய்து பார்த்திருக்கிறார்கள். புரூஸ் பென்ஹாலும் எரிக் குன்டர்சனும் உலகப் பட்டம் வென்ற நாட்களில் அவர்களின் அணி கிரேட்லி ஹீத். அதன் டட்லி வுட் அரங்கம் 1995-உடன் முடிந்து வீடுகளானது. 2010-இல் டட்லி என்ற பெயரில் கீழ்மட்டத்தில் மீண்டபோது அது குடியேறியது எங்கே தெரியுமா? பரம எதிரி வால்வர்ஹாம்ப்டனின் மான்மோர் கிரீனில்! கவன்ட்ரி 2018-இல் லெஸ்டர் அரங்கில் ஓடியது; கால்பந்தில் அந்த இரு ஊரும் ஜன்மப் பகை. கிரேட்லி கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது, கோப்பையும் வாங்கியது. கவன்ட்ரிக்கு லெஸ்டர் நிலைக்கவில்லை. நடந்தோ ஒரே பேருந்திலோ வந்து பழகிய பெரியவர் வாரநாள் இரவில் நெடுஞ்சாலை தாண்டி எத்தனை முறை வருவார்?

பணக் கணக்கில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். முதல் இரவுக் கூட்டத்தைப் பார்த்து மயங்காதீர்கள். திறப்பு நாளுக்கு ஊரே வரும், பழைய ஓட்டுநர்கள் வருவார்கள், அழுகை வரும். செலவு ஆகஸ்டில்தான் தெரியும். ஓட்டுநர்களுக்குக் கூலி பெரும்பாலும் புள்ளிக் கணக்கில். வெளியூர் ஆட்டத்தில் நுழைவுப் பணம் உங்களுக்கு வராது, உங்கள் ஆட்கள் எடுத்த புள்ளிக்குப் பணம் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். பந்தயம் நடந்தாலும் மழையில் நின்றாலும் மருத்துவக் குழு, ஆம்புலன்ஸ், தடத்தைப் பண்படுத்தும் டிராக்டர் எல்லாம் தயாராக நிற்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு மழை பிடித்தால் அன்றைய வரவு ஏறக்குறையப் பூஜ்யம்.

அதனால் அணியை மீட்கிறோம் என்று யாராவது உங்களிடம் நன்கொடை கேட்டு வந்தால், கோப்பைப் பட்டியலைக் காட்டும்போது தலையாட்டிவிட்டு இரண்டே கேள்வி கேளுங்கள். குத்தகை எத்தனை வருடம்? ஸ்பீட்வே இல்லாத இரவுகளில் அந்த அரங்கத்தின் மின்கட்டணத்தை யார் கட்டுகிறார்கள்?